சும்மா கிடந்த கல்

சீனுவாசன் பிரான்ஸ் தேசத்தில் இருந்தது ஆறே வாரம். சென்னையில் அவர் வேலை பார்த்த தோல் கம்பெனி அவரை அனுப்பியது தோல் விற்க. அவர் பார்த்துவிட்டு வந்தது திராட்சைத் தோட்டம். போர்தோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டைப் புதுப்பித்து, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்களாம். சாயங்காலமானால் மரத்தடியில் கல்மேசை, மேசைமேல் ஒயின். அந்த ஆறு வாரத்தை அவர் ஊர் திரும்பியபின் ஆயுள் முழுக்கச் செலவழித்தார். குழம்பில் உப்புக் குறைந்தால்கூட, "போர்தோவில் இப்படி இல்லை" என்றார். போர்தோவில் குழம்பே இல்லை என்பதை அவர் மனைவி கிருஷ்ணவேணி முதல் வருடம் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

ஐம்பத்தாறாம் வருடம் ஓய்வு பெற்ற கையோடு, திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற சாலையில், கிளியனூர் தாண்டி, ஒரு பாழடைந்த பங்களாவை வாங்கினார். எந்தக் காலத்திலோ ஒரு அவுரிச் சாய வியாபாரி கட்டியது. கூரையில் ஆலங்கன்று, கூடத்தில் வௌவால். ஆனால் இடம் பிடித்ததில் அவரைக் குறை சொல்ல முடியாது. சென்னை ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு. பாண்டியிலோ பிரெஞ்சுக்காரன்தான் போயிருந்தான், பாட்டில் போகவில்லை. இரண்டுக்கும் நடுவே இருந்த எல்லை, குடித்தவன் நடந்த தடம் மாதிரி வயல்களுக்குள் வளைந்து வளைந்து போயிற்று. பங்களா சென்னை ராஜ்யம். பின்புறம் ஒரு வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டி, பங்களாவோடு சேர்ந்து வந்த மாந்தோப்பு பாண்டி. வீட்டில் படுக்கலாம், தோப்பில் குடிக்கலாம். குறுக்கே கிடந்த பலகைப் பாலத்தில் நிதானமாக நடக்கத் தெரிந்தால் போதும்.

"இதுதான் நம் ஒயின் தேசம்" என்று அறிவித்தார் சீனுவாசன். சுற்றிலும் மல்லாட்டை என்று ஊர் சொல்லும் வேர்க்கடலையும் கேப்பையும்தான் விளைந்துகொண்டிருந்தன. அவை மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

பங்களாவைப் புதுப்பிக்க ஒரு வருடம் ஆயிற்று. சுவருக்கு முட்டைச் சுண்ணாம்பு, தரைக்குச் செட்டிநாட்டுக் கல், முகப்பில் போர்ட்டிகோ. அந்தப் போர்ட்டிகோவுக்குப் பெருமுக்கல் பக்கத்திலிருந்து நான்கு கருங்கல் தூண்கள் வந்தன. வருகிறவர்கள் வண்டியிலிருந்து இறங்கியதும் அவர் முதலில் தொட்டுக் காட்டுவது அந்தத் தூண்களைத்தான். பெற்ற பிள்ளையின் தலையைத் தடவுவதுபோலத் தடவுவார். வாசலில் பெயர்ப்பலகை: 'வில்லா மோன் ரெப்போ.'

"அப்பிடின்னா இன்னாங்க?" என்று கேட்டான் ராயப்பன். விருந்தாளிகளை ஏற்றி இறக்க வாங்கிய பழைய வேனுக்கு அவன்தான் டிரைவர்.

"மோன் ரெப்போன்னா, என் இளைப்பாறல்."

"வில்லா?"

"வில்லான்னா வில்லாடா."

ஊர் அதை 'வில்லங்கம்' என்று திருத்திக்கொண்டது. "நான் வில்லங்கத்துல வேல செய்யறேன்" என்று ராயப்பன் சொன்னால் யாரும் சிரிக்கவில்லை. அது விலாசம்.

சனிக்கிழமைதோறும் சென்னையிலிருந்து வக்கீல்கள், டாக்டர்கள், மில் முதலாளிகள் குடும்பத்தோடு வந்தார்கள். காலையில் செஞ்சிக் கோட்டை. மறுநாள் திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள். சீனுவாசன் அவற்றைத் தானே கல்லாக்கியது போன்ற அடக்கத்துடன் காட்டுவார். திரும்பும் வழியில் பெருமுக்கல் மலை. அதன் உச்சியிலிருந்து தெரியும் காட்சியை அவர் அடிவாரத்தில் நின்றே வர்ணிப்பார். அவர் ஒருநாளும் ஏறியதில்லை. சாயங்காலம் மாந்தோப்பு.

தோப்பில் எல்லாம் இருந்தது, கல்மேசை மட்டும் இல்லை. போர்தோவில் இருந்த கல்மேசை இங்கே இல்லை என்ற குறை அவர் தூக்கத்தைக் கெடுத்தது. அப்போதுதான், பங்களாவுக்குத் திரும்பும் முனையில், சாலையோரம் நின்றுகொண்டிருந்த சுமைதாங்கி அவர் கண்ணில் பட்டது.

இரண்டு நெட்டுக் கல், அதன்மேல் குறுக்காக ஒரு பலகைக் கல். ஆள் தலை உயரம். தலைச்சுமையோடு தனியாக வருகிறவர், யாருடைய கையும் இல்லாமல், சுமையை அப்படியே அதன்மேல் நகர்த்திவிட்டு மூச்சு வாங்கலாம். போகும்போது தலையைக் கொடுத்து அப்படியே வாங்கிக்கொள்ளலாம். குனிய வேண்டாம், நிமிர வேண்டாம். அந்த உயரத்தில்தான் அதன் சூட்சுமம் எல்லாம்.

பலகைக் கல்லின் விளிம்பில் ஒரே ஒரு சொல் வெட்டியிருந்தது: பூமாலை.

பூமாலை, கருவாடு விற்கும் வீரம்மாளின் தங்கை. அக்காளும் தங்கையும் கடற்கரையிலிருந்து கூடை சுமந்து கிளியனூர் சந்தைக்குப் போகிறவர்கள். அன்று வீரம்மாள் ஒரு வீட்டில் வியாபாரம் பேசிக்கொண்டு பின்தங்கிவிட்டாள். நிறைமாதக்காரி பூமாலை முன்னால் போனாள். இந்த முனையில் அவளுக்கு வலி கண்டது. தலையில் ஈரக் கருவாட்டுக் கூடை. வயிற்றை வைத்துக்கொண்டு குனிந்து இறக்க முடியாது. கீழே போட்டால் ஒரு வாரச் சோறு போச்சு. சாலையில் ஒரு கை கொடுக்க ஆள் இல்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றாளோ, யாருக்கும் தெரியாது. வீரம்மாள் வந்து பார்த்தபோது கூடை ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் கிடந்தார்கள். வயிற்றிலிருந்ததும் போயிற்று. புருஷன் மறு வருடமே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். வீரம்மாள்தான் காதில் கிடந்ததைக் கழற்றி விற்று, தங்கை விழுந்த இடத்தில் அந்தக் கல்லை நட்டாள். சந்தைக்குப் போகும்போதெல்லாம் அதன்மேல் கூடையை இறக்கி, வெற்றிலை போட்டு, வீட்டு விஷயம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவாள். கல்லிடம் பேசுகிறாளே என்று யாரும் கேட்டதில்லை. அவளைக் கேள்வி கேட்கிற தைரியம் அந்தச் சாலையில் யாருக்கும் இல்லை.

ஒரு சந்தை நாளன்று வந்து பார்த்தால் கல் இல்லை. தரையில் இரண்டு குழி. குழியிலிருந்து வண்டித் தடம் பங்களாவுக்குள் போயிற்று. வீரம்மாள் கூடையோடு தடத்தைப் பிடித்துக்கொண்டே போனாள். வாசல் தாண்டி, பலகைப் பாலம் தாண்டி, மாந்தோப்புக்கு.

அங்கே சீனுவாசன் சென்னை விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "புராதனமான கல். கோயிலுக்குப் போகிற மாலைகளை இதன்மேல் வைத்துத்தான் தொடுப்பார்கள். எழுதியே இருக்கிறது பாருங்கள், பூமாலை என்று." ஒரு வக்கீலின் மனைவி பக்தியோடு அதன்மேல் ரோஜாப்பூ ஜாடியை நகர்த்தி வைத்தாள்.

"ஐயா, அது எந் தங்கச்சிங்க" என்றாள் வீரம்மாள்.

விருந்தாளிகள் தங்கச்சியைத் தேடிச் சுற்றும் முற்றும் பார்த்தார்கள்.

"எது?" என்றார் சீனுவாசன்.

"நீங்க கிளாஸு வெச்சிக்கினு கீறீங்களே, அது."

"ரோட்டோரத்துல சும்மா கிடந்த கல்லும்மா அது."

"சும்மா கெடக்கலிங்க. நின்னுக்கினு இருந்துச்சு. இப்பத்தான் கெடக்குது."

அப்போதுதான் அவள் கவனித்தாள். நெட்டுக் கற்கள் இரண்டும் பாதி உயரம்தான் இருந்தன.

"கால வெட்டிட்டீங்களா?"

"மேசைன்னா மேசை உயரம் இருக்க வேண்டாமா? போர்தோவில்..." என்று ஆரம்பித்தவர், அவளுக்குப் போர்தோ எட்டாது என்று நினைத்து நிறுத்தினார். கூடை நாற்றம் விருந்தாளிகளை எட்டுவதற்குள் அவளை அனுப்பியாக வேண்டும். சிரித்துக்கொண்டே சொன்னார்: "செத்துப் போனவ வந்து இதுல உக்காரப் போறாளா என்ன? வேணும்னா நீ ஒரு ஓரமா உக்காந்துட்டுப் போ."

விருந்தாளிகளும் சிரித்தார்கள். ஒயின் நல்ல ஒயின்.

வீரம்மாள் கல்லின் பக்கத்தில் போனாள். வெட்டிய காலை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். வாசலில் ராயப்பன் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அழுவாதக்கா. பெரிய எடம். நமக்கு இன்னாத்துக்குப் பேஜாரு?"

"நானாடா அழுவறேன்? அழுவறதுக்கு வேற ஆளு வெச்சிக்கீறேன்."

அடுத்த சந்தை நாளன்று, செஞ்சி பார்த்துக் களைத்துத் திரும்பிய விருந்தாளிகள் தோப்புக்குப் போனபோது, கல்மேசைமேல் கருவாட்டுக் கூடை இருந்தது. பக்கத்தில் வீரம்மாள் சாவகாசமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"என்ன இது?" என்றார் சீனுவாசன்.

"சுமைதாங்கிங்க. சுமை எறக்கிக்கினு கீறேன்."

"இது என் தோப்பு!"

"இருக்கட்டுங்க. சுமைதாங்கி எங்க கீதோ அங்கதான எறக்கணும்? நீங்க ஊட்டுக்குள்ள வெச்சிருந்தா ஊட்டுக்குள்ள வந்திருப்பேன்."

அவள் எழுந்திருப்பதற்குள் மரக்காணத்து உப்பு மூட்டைக்காரர்கள் வந்தார்கள். பின்னால் விறகுக் கட்டு. அதன் பின்னால் அழுக்கு மூட்டை. சாலையில் தலைச்சுமையோடு போன ஒருவர்கூட அன்று நேரே போகவில்லை. எல்லோரும் முனையில் திரும்பி, போர்ட்டிகோவைச் சுற்றி, பாலத்தைத் தாண்டி, ஒயின் தேசத்துக்குள் வந்தார்கள். கல் குட்டையாகிவிட்டதால் தனியாக இறக்கவும் முடியவில்லை.

"ஐயா, தொரை, அப்பிடியே ஒரு கை குடுங்க!"

ஒயின் கிளாஸைக் கீழே வைத்த ஹைக்கோர்ட் வக்கீல், என்ன நடக்கிறது என்று தெரியுமுன் ஒரு சென்னாகுனிக் கருவாட்டுக் கூடையை அணைத்துக்கொண்டு நின்றார். அவருடைய கோட்டு அதற்குப் பிறகு எந்தக் கோர்ட்டுக்கும் போகவில்லை.

இது ஒரு நாளோடு முடியவில்லை. சந்தை நாள், சந்தை இல்லாத நாள் என்ற வித்தியாசம் போயிற்று. எருக்கூடை வந்தது. வாத்துக் கூண்டு வந்தது. வானூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் பன்றிக்குட்டியோடு வந்தார்; அது சுமையா, கூட வந்த ஆளா என்பதில் ஒரு தர்க்கம் நடந்தது. வீரம்மாள் அழைத்ததாக ஒருவரும் சொல்லவில்லை. "வழில போறவங்க எறக்கறாங்க. நான் இன்னா, கலெக்டரா, தடுக்க?" என்றாள் அவள். ஆனால் தினமும் காலையில் முனையில் நின்று, நேரே போகப் பார்த்தவர்களை அவள் பார்த்த பார்வையில், இளைப்பாறத் தோன்றாதவர்களுக்கும் கால் வலித்தது.

சீனுவாசன் போலீசுக்கு ஆள் அனுப்பினார். கிளியனூர் சப்-இன்ஸ்பெக்டர் போர்ட்டிகோவில் உட்கார்ந்து காபி குடித்தார்.

"கல்லு எங்க சார் இருக்கு?"

"பின்னால, தோப்புல."

"வாய்க்காலுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

"அந்தப் பக்கம்தான். அதுக்காகத்தானே..."

"அப்ப அது பாண்டி. எனக்கு அங்க அதிகாரம் கெடையாது." ஒரு வாய் குடித்தார். "கல்லு முன்ன எங்க இருந்துச்சு?"

"ரோட்டோரம்."

"ரோடு எந்த ராஜ்யத்து ரோடு?"

சீனுவாசன் பக்கத்துத் தூணைத் தடவினார்.

"சென்னை ராஜ்யத்து ரோட்டுல இருந்த கல்ல எல்லை தாண்டிக் கொண்டு போனது யாருன்னு ஒரு கேள்வி வரும் சார். கேக்கட்டுமா?"

"இன்னொரு காபி சாப்பிடுங்க" என்றார் சீனுவாசன்.

பிறகு பாண்டிப் பக்கத்து அதிகாரியைப் போய்ப் பார்த்தார். அவர் பழைய காலத்து மனிதர், பிரெஞ்சில் பேசினால் மகிழ்வார் என்று கேள்விப்பட்டு, விருந்தாளிகளை மயக்கிய தன் பிரெஞ்சை எடுத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுக்க ஓட்டலில் கற்றது. மீன், கூடை, பெண்கள், மேசை என்று அவர் அடுக்கியதைப் பொறுமையாகக் கேட்ட அதிகாரி, கடைசியில் தமிழில் சொன்னார்: "நல்ல மீன் வேணும்னா கடற்கரைக்குக் காலையிலேயே போகணும் ஐயா. இங்க வந்து கேட்டா?"

"போர்தோவில் இப்படி நடக்குமா?" என்று அன்று சாப்பாட்டில் உட்கார்ந்து புலம்பினார்.

"போர்தோவில் அடுத்தவ கல்லைத் தூக்கிட்டு வந்தா என்ன செய்வாங்க?" என்று கேட்டாள் கிருஷ்ணவேணி. ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நேரத்தில்தான் பம்பாயிலிருந்து தந்தி. ஒரு பெரிய ஓட்டல் கம்பெனியின் டைரக்டர், மனைவியோடு பொங்கலுக்கு வருகிறார். பிடித்திருந்தால் கம்பெனி வில்லாவையே மொத்தமாக எடுத்துக்கொள்ளும். வெள்ளைக்கார விருந்தாளிகளாக அனுப்பும். சீனுவாசன் ஆறு வாரம் கண்ட கனவு கதவைத் தட்டியது. கதவுக்கு வெளியே கருவாட்டுக் கூடைகள் வரிசையில் நின்றன.

"கல்லைத் திருப்பி வெச்சிடறேன்னு சொல்லு" என்று ராயப்பனை அனுப்பினார்.

ராயப்பன் பதிலோடு வந்தான். "எப்பிடி எடுத்தாரோ அப்பிடியே நிக்கணும்னு சொல்லுதுங்க."

"அப்படியேதான். அதே இடத்துல."

எடுத்ததைத் திருப்பி வைப்பது சாதாரண மனிதருக்கு இழுக்கு. சீனுவாசன் சாதாரண மனிதர் அல்ல, அதை விழாவாக்கினார். பம்பாய்க்காரர் வருகிற அன்றே வைத்தால், கிராமத்து ஜனங்களுக்கு வில்லா செய்யும் தொண்டு என்று காட்டலாம். முனையில் பந்தல் போட்டார். திண்டிவனத்திலிருந்து நாயனம் வந்தது. வெட்டிய காலோடு கல்லை அதே குழியில் நட்டு, வெள்ளையடித்து, சிவப்பு ரிப்பன் கட்டினார். பக்கத்தில் புதுப் பலகை: 'சுமைதாங்கி. உபயம்: வில்லா மோன் ரெப்போ சீனுவாசன்.' வெள்ளையடித்ததில் பூமாலை என்ற எழுத்து மூடிப்போயிற்று.

சந்தைக்குப் போகிற கூட்டம் முழுக்க அங்கே நின்றது. வீரம்மாள் கூடையோடு முன்வரிசையில் இருந்தாள். பலகையில் எழுதியிருந்ததைப் பக்கத்திலிருந்தவர்கள் படித்துச் சொன்னார்கள். இன்னொருமுறை படிக்கச் சொன்னாள். பிறகு மென்றுகொண்டிருந்த வெற்றிலையைத் துப்பினாள்.

சீனுவாசன் பட்டு ஜிப்பாவும் ஜரிகை அங்கவஸ்திரமுமாக எழுந்து பேசினார். உழைப்பாளிகளின் பாரம் தன் நெஞ்சில் எப்படி இறங்கியது என்று தமிழில் சொல்லி, பம்பாய்க்காரருக்காக இங்கிலீஷிலும் சொன்னார். இங்கிலீஷில் பாரம் இன்னும் கூடியது. டைரக்டரின் மனைவி கழுத்தில் கேமராவோடு ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிப்பனை வெட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"மொத சுமை?" என்றாள் வீரம்மாள்.

"என்னது?"

"உபயம் குடுத்தவரு மொத சுமைய எறக்கணுமே. அதான வழக்கம்?"

அப்படி ஒரு வழக்கம் அந்த வாக்கியத்துக்கு முன்பு உலகத்தில் எங்கும் இருக்கவில்லை. வாக்கியம் முடிவதற்குள் அதற்கு ஆயிரம் வயதாகிவிட்டது.

"ஆமாமா, எங்க பாட்டன் காலத்துலருந்து!" என்றார் உப்பு மூட்டைக்காரர் ஒருவர்.

"எறக்காட்டி கல்லு தங்காதுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

என்ன சொல்கிறார்கள் என்று டைரக்டர் கேட்டார். ராயப்பன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அக்கறையாகச் சொன்னான். டைரக்டரின் மனைவி எழுந்தேவிட்டாள். "எவ்வளவு அழகான சம்பிரதாயம்! மிஸ்டர் சீனுவாசன், நீங்கள் செய்துதான் ஆக வேண்டும்." கேமராவைத் திறந்தாள்.

சீனுவாசன் மனைவியைப் பார்த்தார். கிருஷ்ணவேணி பந்தலின் மூங்கிலைப் பார்த்தாள்.

"ஏதாவது சின்னதா..." என்றார்.

"இதாங்க சின்னது" என்று வீரம்மாள் தன் கூடையைக் காட்டினாள். நேற்று உப்பிலிட்ட திருக்கை மீன். இன்னும் நீர் வடிந்துகொண்டிருந்தது. அவர் தோளிலிருந்த ஜரிகை அங்கவஸ்திரத்தை எடுத்து, முறுக்கி வட்டமாகச் சுருட்டினாள்.

"அது எதுக்கு?"

"சும்மாடுங்க. சும்மா கெடந்ததுன்னீங்களே, அது இல்ல. இது தலைல வெக்கறது."

தலையில் வைத்தாள். இரண்டு பெண்கள் கூடையின் இருபுறமும் பிடித்தார்கள். "ஜல்தி தூக்குங்கடி, தொரைக்கு வேல கீது." கூடை ஏறியது. சீனுவாசனின் கழுத்து ஜிப்பாவுக்குள் இறங்கியது. நாயனக்காரர் கல்யாண மேளத்தை ஆரம்பித்தார்.

கல் பத்தடி தூரம்தான். வாழ்க்கையில் ஒரு குடையைக்கூடத் தானே சுமந்திராத மனிதர், இரண்டு கையாலும் கூடையைப் பிடித்துக்கொண்டு, கட்டுமரத்தில் நிற்பவர் மாதிரி ஆடி ஆடிப் போய்ச் சேர்ந்தார். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. கல் அவர் இடுப்புக்கு இருந்தது. கூடை தலைமேல் இருந்தது. நடுவே இருந்த தூரம் அவரே வெட்டியது.

கொஞ்சம் குனிந்தார். கூடை முன்னால் சரிந்தது. நிமிர்ந்தார். பின்னால் சரிந்தது. திருக்கை நீர் நெற்றியில் இறங்கி, கண்ணில் புகுந்து, மூக்கு நுனியில் சொட்டி நின்றது. துடைக்கக் கை இல்லை.

"யாராச்சும்... ஒரு கை குடுங்க."

யாரும் அசையவில்லை. கூடைக்காரிகள் வீரம்மாளைப் பார்த்தார்கள். வீரம்மாள் அவரைப் பார்த்தாள். நாயனக்காரருக்கு ஏதோ புரிந்து வாசிப்பதை நிறுத்தினார்.

"எறக்குங்க தொரை. கல்லு சும்மாத்தான கெடக்குது?"

"முடியல. கழுத்து போயிடும்போல இருக்கு. வேணி! ராயப்பா!"

ராயப்பன் ஓர் அடி எடுத்து வைத்தான். கிருஷ்ணவேணி, "நீ நில்லு" என்றாள்.

வீரம்மாள் பக்கத்தில் வந்தாள். குரலை உயர்த்தவில்லை, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள். ஆனால் அந்த நிசப்தத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"இப்பிடித்தான் நின்னா. இதே எடத்துல. இதே மாதிரி ஈரக் கூட. வயித்துல புள்ள வேற. கை குடுங்கன்னு கத்தியிருப்பா, இல்லாட்டி கத்தக்கூட முடிஞ்சிருக்காது. செத்தவ வந்து ஒக்காரப் போறாளான்னு கேட்டு நீங்க சிரிச்சீங்க. அவ ஒக்காரவே இல்லிங்க. நின்னுக்கினேதான் செத்தா. நீங்களும் கொஞ்சம் நில்லுங்க."

அவர் நின்றார். கேமரா 'கிளிக்' என்றது. இன்னொருமுறை 'கிளிக்' என்றது. முதலில் மோன் போயிற்று, பிறகு ரெப்போ போயிற்று, கடைசியில் வில்லாவும் அவர் முகத்திலிருந்து போயிற்று. எஞ்சியது, சுமை இறக்க வழி தெரியாத ஒரு கிழவர். கூடை சாய்ந்தது. ஜிப்பாவில், ரிப்பனில், வெள்ளையடித்த கல்லில், திருக்கை சரசரவென்று கொட்டியது. அவர் அதன் நடுவே சாலையில் உட்கார்ந்தார்.

சிரிப்பு எழவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

டைரக்டர் எழுந்து வந்து கல்லைச் சுற்றிப் பார்த்தார். கெட்டிக்கார மனிதர். "கால்கள் குட்டை" என்றார். "இதைச் செய்தவருக்கு இது எதற்கென்றே தெரியவில்லை. யார் செய்தது?"

பலகையில் பெயர் இருந்தது. ராயப்பன் படித்துக் காட்டினான்.

"புதுக் கால் போட்டுடறேன்" என்றார் சீனுவாசன், தரையிலிருந்தே. "சென்னையிலிருந்து கல் வரவழைச்சு..."

"அவ்ளோ தூரம் இன்னாத்துக்குங்க?" வீரம்மாள் பங்களாவின் பக்கம் திரும்பினாள். முனையிலிருந்தே போர்ட்டிகோ நன்றாகத் தெரிந்தது. "தோ நிக்குதே, நல்ல கல்லு. சும்மாத்தான நிக்குது?"

டைரக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தைக் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. தொண்டு செய்கிறவர் என்று இரண்டு பாஷையில் அறிவித்துக்கொண்ட ஒரு மனிதர் அப்போது சொல்லக்கூடியது ஒன்றுதான். அதைச் சொன்னார்.

பம்பாய்க் கம்பெனி வில்லாவை எடுக்கவில்லை. டைரக்டரின் மனைவி மட்டும் ஒரு புகைப்படம் அனுப்பினாள். கிருஷ்ணவேணி அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். கழற்றச் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. தோப்பில் இப்போது மேசை இல்லை. பிரான்ஸைப் பற்றிப் பேச்சும் இல்லை.

போர்ட்டிகோவின் முன்தூண் இரண்டும் போய், அந்த இடத்தில் இரண்டு பனந்தண்டு முட்டுக் கொடுத்து நிற்கிறது. பெருமுக்கல் தூண்கள் சாலை முனையில் நிற்கின்றன, கல்தச்சர் அளவு பார்த்து வெட்டிய தலை உயரத்தில். வெள்ளையைச் சுரண்டி எடுத்தாகிவிட்டது. உபயப் பலகையை ராயப்பன் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவாகப் போட்டுக்கொண்டான்.

அடுத்த சந்தை நாளில் வீரம்மாள் தனியாக வந்தாள். கூடையைத் தலையிலிருந்து நகர்த்தினாள். யார் கையும் இல்லாமல் அது கல்லின்மேல் போய் உட்கார்ந்தது. பூமாலை என்ற எழுத்தின்மேல் விரலை ஓட்டினாள். வெற்றிலை போட்டாள். கருவாட்டு விலை, மருமகளின் வாய், மழை வராதது எல்லாம் சொல்லி முடித்தாள்.

வேனை ஓட்டிக்கொண்டு வந்த ராயப்பன் நிறுத்தினான். "இன்னா அக்கா, இப்ப மனசு ஆறிச்சா?"

வீரம்மாள் தலையைத் திருப்பினாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பங்களாவையே பார்த்தாள். பனந்தண்டுகளுக்குப் பின்னால், போர்ட்டிகோவின் உள்பக்கத்தில், மீதி இரண்டு கருங்கல் தூண்கள் வெயிலில் மினுமினுத்துக்கொண்டிருந்தன.

"பூமாலைக்கு ஆச்சு" என்றாள். "வயித்துல இருந்துச்சே, அதுக்கு இன்னும் வெக்கல."

கூடைக்குத் தலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு நடந்தாள்.